பின்சக்கர எடை

வீட்டுக்காரருக்கு முதுகு போனதிலிருந்து அந்த வீட்டில் அவர், மனைவி, மகள் மூன்று பேருக்கும் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் தம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் போதும், மற்ற இரண்டு பேரும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அன்று காலை சண்டை பட்டையைப் பற்றியது. வண்டியின் பின் அச்சுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் எஃகுப் பட்டைகள்தான் பின்பாரம் முழுவதையும் சுமக்கின்றன. அதில் கனப்பட்டை மாட்டுவதா, நடுத்தரக் கனமுள்ள நடுப்பட்டை மாட்டுவதா என்று அப்பாவும் மகளும் விடிந்ததிலிருந்து மல்லுக்கு நின்றார்கள்.

மறுநாள் காலை சுற்றுலாக்காரர்கள் நான்கு பேர் வந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு கல்லுக்காட்டைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் ரோடு கிடையாது, குழாய் கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது. கல்லும் காற்றும்தான். குடிக்கிற தண்ணீர், ஊற்றுகிற டீசல், தூங்குகிற கூடாரம், அடுப்பு, அரிசி, ரொட்டி, இரண்டு உபரிச் சக்கரம் என்று ஒரு வாரத்துக்கு மேலான குடித்தனமே வண்டியின் முதுகில் ஏறும். முப்பது வருஷமாக இதை ஓட்டியவர் வீட்டுக்காரர். இப்போது ஓட்டப்போகிறவள் மகள்.

வீட்டுக்காரரின் மனைவி அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் கல்லுக்காட்டுக்குப் போன அத்தனை தடவையும் பெட்டி கட்டியவள் அவள்தான். முட்டையை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் எவ்வளவு குலுங்கினாலும் உடையாது. சோப்பையும் டீத்தூளையும் ஒரே பெட்டியில் வைத்தால் மூன்றாம் நாள் டீயில் நுரை வருகிற அளவுக்குச் சோப்பு வாசம் அடிக்கும். இதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அன்றைக்குத்தான் கை ஓடவில்லை. உப்பை இரண்டு தடவை கட்டி வைத்துவிட்டு, மூன்றாவது தடவையும் தேடிக்கொண்டிருந்தாள்.

"கனப்பட்டைதான்," என்றார் வீட்டுக்காரர். சுவரில் முதுகை ஒட்டி, இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். உட்கார்ந்தால் வலிக்கும், ரொம்ப நேரம் நின்றாலும் வலிக்கும், படுத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. "போன தடவை பட்டை உடைஞ்சுதானே இந்தக் கதிக்கு வந்தேன். இன்னும் கனமாப் போட்டா உடையாது. இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?"

"போன தடவை போட்டிருந்ததும் கனப்பட்டைதான்பா," என்றாள் மகள்.

"அதை விடக் கனமாப் போடு."

"போகும்போது சரியா இருக்கும். திரும்பி வரும்போது தண்ணி தீந்திருக்கும், டீசல் தீந்திருக்கும், பாதி வண்டி காலி. காலி வண்டியில கனப்பட்டை மடங்காது. குதிக்கும். நீங்க விழுந்ததும் திரும்பி வரும்போதுதானே?"

"பட்டை உடைஞ்சுது, வண்டி குதிச்சுது, நான் விழுந்தேன். இதுதான் நடந்தது. நான்தான் உள்ள இருந்தேன், நீ இல்ல."

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். போன பருவத்தில் ஒரு வறண்ட ஓடையில் வண்டி எகிறி, கூரையில் தலை இடித்து, சீட்டில் வந்து விழுந்ததில் அவருக்கு நடுமுதுகில் ஒரு எலும்பு நொறுங்கியது. உடைந்த பட்டையைக் கட்டையும் கயிறும் வைத்துக் கட்டி, அந்த முதுகோடு வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். வாசலில் நிறுத்தியதும் இறங்கத்தான் முடியவில்லை. அன்றைக்கு அவரைக் கதவோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்த பயம் மனைவியின் கையை விட்டு இன்னும் போகவில்லை.

அதனால்தான் அவள் ஒரே நிபந்தனை போட்டிருந்தாள். "அப்பா கூட வந்தா நீ போ. இல்லேன்னா சாவி என்கிட்டதான் இருக்கும்." உட்கார முடியாத மனுஷர் எப்படிக் கூடப் போவார்? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். பின்சீட்டில் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்புக் குழாயில் ஒரு கட்டில் பற்றவைத்து, அதைப் பின்சக்கரத்துக்கு மேலேயே போல்ட் போட்டு முறுக்கிவிட்டார். படுத்துக்கொண்டே வழி சொல்வாராம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அது வந்த பிறகுதான் ராத்திரி தூக்கம் வந்தது.

மூன்று பேரும் பட்டறைக்குப் போனபோது பட்டறைக்காரர் இரண்டு கட்டுப் பட்டையையும் தரையில் போட்டு வைத்திருந்தார். புழுதிக்காற்று அடித்ததால் பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே கிரீஸ் வாடையும் சூடும் சேர்ந்து மூச்சை அடைத்தது. பட்டறைக்காரர் வாய்க்குள் ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு பேசுகிறவர். அதனால் அவர் எதைச் சொன்னாலும் அலட்சியமாகச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

"ரெண்டும் இருக்குண்ணே. எதைச் சொன்னாலும் மாட்டிடுறேன். வீட்டுக்குள்ளேயே பேசி முடிவு பண்ணிட்டு வந்திருக்கலாம்ல."

"கனத்தை மாட்டு," என்றார் வீட்டுக்காரர்.

"நடுவை மாட்டுங்க," என்றாள் மகள்.

பட்டறைக்காரர் போல்ட்டைத் துப்பிக் கையில் எடுத்தார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. மூணாவது ஓட்டு உங்களுதுதான்."

அவளுக்கு என்ன தெரியும்? வண்டியைக் கழுவியிருக்கிறாள், உள்ளே பெட்டி அடுக்கியிருக்கிறாள், அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. "எது போட்டா இவங்க ரெண்டு பேரும் முழுசாத் திரும்பி வருவாங்களோ அதைப் போடுங்க."

"அப்படி ஒரு பட்டை கம்பெனிக்காரன் இன்னும் பண்ணல அண்ணி." சிரித்துக்கொண்டே சொன்னவர், அவள் சிரிக்காததைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாரம் எவ்வளவுன்னு தெரியாம பட்டையைப் பத்திப் பேசறதே வீண். எடை எவ்வளவுண்ணே?"

"எப்பவும் ஏத்துறதுதான். உனக்குத் தெரியாததா?"

"எப்பவும் ஏத்துறது இல்ல," என்றாள் மகள். "கட்டில் புதுசு."

"அப்ப எடைமேடைக்குப் போயிட்டு வந்துடுங்க. எல்லாத்தையும் ஏத்துங்க. தண்ணியை முழுசா ரொப்புங்க. வர்றவங்களுக்குப் பதிலா நாலு மணல் மூட்டை தர்றேன், சீட்டுல வைங்க. பின்சக்கரம் மட்டும் மேடையில நிக்கட்டும். அந்தக் கணக்கு வந்தா எந்தப் பட்டைன்னு நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

சாமானும் மணல் மூட்டையும் ஏற்றியதும், ஒட்டுப்போட்ட பழைய பட்டையிலேயே வண்டி மெதுவாகக் கிளம்பியது. மகள் ஓட்டினாள். அவர் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா முன்சீட்டில், மடியில் முட்டை புதைத்த மாவு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் வண்டி உட்கார்ந்து போய், முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. ஒவ்வொரு குழியிலும் அடியில் இரும்பும் இரும்பும் டங்கென்று மோதியது. மோதும்போதெல்லாம் பின்னால் அவர் பல்லைக் கடிக்கும் சத்தமும் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார். அவள் கேட்கவில்லை.

எடைமேடை ஊரின் கடைசியில் இருந்தது. கல் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கிற இடம். ஜன்னலுக்குள் இருந்த எடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கத்தினார். "ஆளெல்லாம் இறங்குங்க."

பழக்கதோஷம். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, கதவைப் பிடித்து, ஒவ்வொரு அங்குலமாக இறங்கிவிட்டார். மகளும் பின்சக்கரத்தை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கினாள், அம்மாவும் மாவு டப்பாவை முன்சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். வண்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். பின் அச்சு இவ்வளவுதான் தாங்கும் என்று வண்டி செய்தவன் அதில் பொறித்திருப்பான். எடைக்காரர் சொன்ன கணக்கு அந்தத் தகட்டில் இருந்ததைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

"பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர், என்னமோ ஜெயித்துவிட்ட மாதிரி. "ஒரு கை அதிகம், அவ்வளவுதான். கனப்பட்டை போட்டா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"பட்டை தாங்கும்பா. அச்சு தாங்காது. எந்தப் பட்டையை மாட்டினாலும் அச்சு அதே அச்சுதானே." மகள் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டாள். "ஏறிப் படுங்க. உங்களோட சேர்த்து எடை போடணும்."

"என்னை எதுக்கு? வண்டி எடையில டிரைவர் சேர்த்தி கிடையாது. முப்பது வருஷமா இந்த மேடைக்கு வர்றேன். சாமானைத்தான் எடை போடுவாங்க, டிரைவரை யாரு எடை போடுவா?"

"நீங்க டிரைவர் இல்லப்பா."

சொன்ன பிறகுதான் மகளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தகட்டைப் பார்த்தாள். அம்மா தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. மகள் மேல் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, என்னவென்று சொல்லித் திட்டுவது?

வீட்டுக்காரர் ஏறிப் படுத்தார். ஏறுவதற்கு அவள் தோள் கொடுத்தாள். எடைக்காரர் மறுபடி கணக்குச் சொன்னார். தகட்டைத் தாண்டி நூற்று ஐம்பது கிலோ.

"என்னோட பெட்டியை இறக்கு," என்றார் அவர், படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு.

உபரிச் சாமான் பெட்டி அது. பேரிங், பெல்ட், கம்பி, போல்ட் என்று அவர் வருஷக்கணக்காகச் சேர்த்தது. எது எப்போது உடையும் என்று யார் கண்டது என்பார். மகளும் அவளுமாகத் தூக்கி இறக்கினார்கள். பெட்டிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சாக்கு போட்டு மூடிய இரண்டு தண்ணீர் கேன் இருந்தது.

"இது யாரு வெச்சது?" என்றாள் மகள்.

"நான்தான்," என்றாள் அவள். "எப்பவும் வைப்பேன். தண்ணி பத்தலேன்னா?"

"எப்பவுமா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"சொன்னா இறக்கி வெச்சிருப்பீங்க."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. கேன்களையும் இறக்கினார்கள். இறக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. பயம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எடை. அவர் பயத்தைப் பெட்டியில் வைத்திருந்தார், அவள் கேனில் வைத்திருந்தாள். இரண்டும் சேர்ந்து பட்டையை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

எடைக்காரர் இந்தத் தடவை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "இன்னும் எழுபது கிலோ அதிகம். சீக்கிரம் முடிங்கம்மா, பின்னாடி லாரி நிக்குது."

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். புழுதி சுழற்றி அடித்தது. மூன்று பேருக்கும் ஒரே விஷயம்தான் தெரிந்தது, மூன்று பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலும் கட்டிலில் படுத்திருப்பவரும் சேர்ந்தால் நூற்றுக்கு மேல் வரும்.

"பெரிய கூடாரத்தை விட்டுட்டுப் போறேன்," என்றாள் மகள். "நான் வெளியில படுத்துக்குறேன்."

"அது இருபது கிலோகூட வராது," என்றார் வீட்டுக்காரர்.

"உபரிச் சக்கரம் ஒண்ணை..."

"சக்கரத்துல கை வைக்காத. அந்தக் கல்லு டயரைக் கிழிச்சிடும்."

மகள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. மகள் திரும்பி வந்து, பின்னால் குனிந்து, பெரிய தண்ணீர் டிரம்மின் பெல்ட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்க்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா கேட்டது அப்பா கூட வரவேண்டும் என்று. அப்பா வருவதற்காகத் தண்ணீரை இறக்கப்போகிறாள்.

இந்த மூன்று மாதமாகப் பயந்ததெல்லாம் சும்மா என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு இந்தப் பெண் தண்ணீர் இல்லாமல் கல்லுக்காட்டுக்குப் போவாள். போகிற வழியில் வருந்தக்கூட மாட்டாள், அவ்வளவு பிடிவாதம். அவர் மகள்தானே.

"தண்ணியில கை வைக்காதடி."

"வேற என்னம்மா இருக்கு இறக்குறதுக்கு?"

அவள் பின்கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"என்னங்க. நீங்க இறங்குங்க."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இறங்கினா அவ தனியாப் போகணும்."

"தெரியும்."

"நீதானே நான் இல்லாம அனுப்ப மாட்டேன்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

"வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா அவ வண்டியைப் பாப்பாளா, வந்தவங்களைப் பாப்பாளா, உங்களைப் பாப்பாளா?"

அவள் தன் வாயிலிருந்து அது வரும் என்று நினைக்கவே இல்லை. சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டாள். மகள் டிரம்முக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். ஹார்ன் அடித்த லாரிக்காரனை எடைக்காரர் கையைக் காட்டி அடக்கினார்.

அவர் மெதுவாக ஒரு காலைக் கீழே தொங்கவிட்டார். அப்புறம் இன்னொரு காலை. அவள் தோளைப் பிடித்து இறங்கி, எடைமேடையின் ஓரக் கட்டையில் சாய்ந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள், ஸ்பேனரை எடுத்தாள், கட்டிலின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இடது பக்கம் கடைசி போல்ட்டுக்கு மரை தேஞ்சிருக்கு," என்றார் அவர். "எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கிட்டுத் திருப்பு. இல்லேன்னா சுத்திக்கிட்டே இருக்கும்."

"சரிப்பா."

கட்டில் இறங்கியதும் எடைக்காரர் கணக்கைச் சொன்னார். தகட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஓட்டுகிறவள் ஏறினாலும் தாங்கும் அளவுக்கு வந்திருந்தது. மகள் ஏறி உட்கார்ந்து அதையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். இந்தத் தடவை டிரைவரும் எடையில் சேர்த்தி.

இறக்கியதையெல்லாம் எடைக்காரரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரை முன்சீட்டில் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் பட்டறைக்குத் திரும்பியபோது பட்டறைக்காரர் கனப்பட்டைக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு தயாராக நின்றார். சண்டையில் யார் ஜெயிப்பார் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்.

"நடுப்பட்டையை மாட்டு," என்றார் வீட்டுக்காரர். பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சொன்னார். "போகும்போது எடை சரியா இருக்கு, நடுப்பட்டையே தாங்கும். திரும்பி வரும்போது தண்ணியும் டீசலும் தீந்திருக்கும். காலி வண்டியில கனப்பட்டை மடங்காதுப்பா, குதிக்கும். இதெல்லாம் யோசிச்சு மாட்டணும்."

மகள் காலையிலிருந்து தொண்டை வற்றச் சொன்னதையே அவர் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார். மகள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஸ்பேனருக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் காலை நாலு பேரும் வந்து ஏறினார்கள். சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வீட்டுக்காரர் வாசலுக்கு வரவில்லை. முந்தின நாள் ஏறி இறங்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். உண்மையாகவும் இருக்கலாம். முன்னறையில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே போய் அப்பா பக்கத்தில் குனிந்தாள். என்ன பேசினார்கள் என்று அம்மா காதில் விழவில்லை. வெளியே வந்தபோது மகளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

"வரேம்மா."

"மாவு டப்பாவுல முட்டை இருக்கு. அடியில இருந்து எடுக்காத, மேல இருந்து எடு."

"சரிம்மா."

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. முட்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தது.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிப் போட்ட பள்ளம் ஒன்று இருந்தது. அதில் வண்டி எப்படி இறங்கி ஏறுகிறது என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பின்பக்கம் அமுங்கி, நிதானமாக எழுந்து, நேரே போனது. டங்கென்ற சத்தம் இல்லை. திருப்பத்தில் மறைந்த பிறகும் புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"பின்னாடி எப்படி இருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"நேரா இருந்துச்சு. பள்ளத்துல குதிக்கல."

அவர் தலையை ஆட்டினார். விரல்கள் போர்வை ஓரத்தை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தன. வண்டி ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது.

"இந்நேரம் முதல் ஓடைகிட்டப் போயிருப்பாளா?"

"இப்பதானே கிளம்பினா."

"ஆமால்ல." மறுபடி முறுக்கினார். "நெஞ்சுக்குள்ள என்னமோ கல்லு வெச்ச மாதிரி இருக்கு. நீ ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருந்தியா?"

"ஆமா."

"எப்ப விடும் இது?"

"வண்டி சத்தம் திரும்பக் கேக்கும்போது."

அவர் அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் அவரை அனுப்பிவிட்டு, இந்த அறையில் தனியாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் மகள் போன பயத்துக்கு நடுவே ஒரு ஆறுதலும் வந்தது. பயப்படுவதற்கு இந்தத் தடவை வீட்டில் இன்னொரு ஆள் இருந்தார்.

"நகர்ந்து படுங்க," என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.